கும்பிடுபூச்சிக்கு இறக்கை முளைக்கும்வரை

மருந்துக்காரர் வீட்டில் பூச்சி வளர்த்ததை அந்தக் குடியிருப்பில் இன்னமும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். அவர்களுக்குக் கதையில் பாதிதான் தெரியும்.

அவர் பூச்சிமருந்து அடிப்பவர். ஓட்டல் சமையலறையோ, துணிக்கடைக் கிடங்கோ, மாணவர் விடுதியோ, எங்கே கரப்பானும் கரையானும் மூட்டைப்பூச்சியும் தலைகாட்டினாலும் முதுகில் மருந்து டப்பாவை மாட்டிக்கொண்டு அங்கே போய் நிற்பார். இருபது வருடத்துக்கு மேலாக இதே பிழைப்பு. மனைவிக்கு அவர் ‘என்னங்க’, ஊருக்கு மருந்துக்காரர். ‘டேய் தம்பி’ என்று கூப்பிட உலகத்தில் மிச்சமிருந்தது ஒரே ஆள், அவருடைய அக்கா. அந்த அக்காதான் ஒருநாள் காலையில் ஒரு துணிப்பையும் ஒரு கண்ணாடி ஜாடியுமாக வாசலில் வந்து நின்றாள்.

அக்காவுக்குப் பூப்பண்ணையில் ரோஜா வெட்டுகிற வேலை. கல்யாணம் காட்சி என்று எதுவும் இல்லாமல், பண்ணைக்காரர்கள் கொடுத்த ஒற்றை அறையிலேயே காலத்தை ஓட்டிவிட்டாள். இப்போது பண்ணை கைமாறி, அறைகளைக் காலிசெய்யச் சொல்லிவிட்டார்கள். ஜாடிக்குள் ஒரு காய்ந்த ரோஜாக் குச்சி இருந்தது. குச்சியில் சோப்பு நுரை இறுகிப்போன மாதிரி பழுப்பாக ஒரு கட்டி ஒட்டிக்கொண்டிருந்தது. ஜாடி வாயில் சல்லடைத்துணி போட்டு ரப்பர்பேண்டால் கட்டியிருந்தாள்.

அது கும்பிடுபூச்சியின் முட்டைக்கூடு. கடைசியாக வெட்டிய செடியில் இருந்ததாம். குப்பையோடு சேர்த்துக் கொளுத்தப் போனார்களாம், மனசு கேட்கவில்லையாம், எடுத்துக்கொண்டு வந்துவிட்டாளாம். செடிப்பேனைத் தின்று ரோஜாவைக் காப்பாற்றுகிற பூச்சி என்பதால் பண்ணையில் அதற்கு ராஜமரியாதை உண்டு.

“இது பொரியற வரைக்கும்தான் இங்க இருப்பேன்,” என்றாள், உட்காருவதற்கு முன்பே. “பஸ்ல வெச்சுக் குலுக்கிட்டுப் போனா கெட்டுப்போயிடும். பொரிஞ்சதும் குஞ்சுங்களைச் செடியில விட்டுட்டுக் கிளம்பிடுவேன். கூட வேலை பாத்தவ ஒருத்தி பக்கத்து ஊர்ல பொம்பளைங்க விடுதியில இருக்கா. எனக்கும் ஒரு கட்டில் சொல்லி வெச்சிருக்கா.”

அப்பா அம்மா போனபோது மருந்துக்காரர் அரைக்கால் சட்டை போட்ட பையன். தூக்கி வளர்த்தவள் இவள். அவள் போய் யாரோ சொல்லிவைத்த கட்டிலில் படுப்பதா? என்றென்றைக்கும் இங்கேயே இரு என்று சொல்ல வாயெடுத்தார். வீட்டில் இருப்பது அவர் மட்டும் இல்லையே என்று மனைவியின் முகத்தைப் பார்த்தார். அவள் “சரிங்க அண்ணி” என்று மட்டும் சொல்லிவிட்டுத் தண்ணீர் எடுத்துவரப் போனாள்.

அந்தச் ‘சரி’ ஒன்றுதான் பிறகு எல்லாரையும் படாதபாடு படுத்தியது. அக்கா அதை, போவதற்குச் சொன்ன சரி என்று எடுத்துக்கொண்டாள். அவரும் அப்படித்தான் நினைத்தார். மனைவி மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலைபார்ப்பவள். நாளெல்லாம் வாடிக்கையாளர்களிடம் சிரித்துப் பேசி, சிரிப்பை அங்கேயே தீர்த்துவிட்டு வருபவள் மாதிரி வீட்டில் இருப்பாள். கெட்டவள் இல்லை. வாயைத் திறக்க யோசிப்பாள், அவ்வளவுதான். வீட்டை மட்டும் துடைத்த லென்ஸ் மாதிரி வைத்திருப்பாள்.

மகன் வெளியூரில் படிக்கிறான். அவனுடைய அறையை அக்காவுக்குக் கொடுத்தார்கள். அக்கா துணிப்பையைக் கடைசிவரை பிரிக்கவில்லை. வேண்டிய துணியை எடுப்பாள், துவைத்து மடித்துத் திரும்பவும் பைக்குள்ளேயே வைப்பாள். அலமாரி காலியாக இருக்கிறது என்று தம்பி எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தார். பிடி கொடுக்காமல், “பொரியட்டும், பொரியட்டும்” என்பாள். ஊரில் உள்ளவன் எல்லாம் முட்டை பொரிய வேண்டும் என்று வேண்டிக்கொள்வான். இவர், அது பொரியாமலே கிடந்தால் தேவலை என்று நினைத்தார்.

அதற்குள் அவர் சொந்த வீட்டில் தீண்டத்தகாத பொருளாக ஆகிவிட்டிருந்தார். அக்கா போட்ட சட்டம் அப்படி. வேலை முடிந்து வருகிறவர் மருந்துச் சட்டையோடு வாசப்படியைத் தாண்டக்கூடாது. அந்தச் சட்டையில் இருக்கிற மருந்தே போதும், குஞ்சுகள் அத்தனையும் சாக. மாடிப்படிக்குக் கீழே காவலாளிக்கென்று ஒரு குளியலறை இருந்தது. அங்கே குளித்து, சட்டையை அங்கேயே அலசிப் போட்டு, வேறு சட்டை மாட்டிக்கொண்டுதான் மேலே வரவேண்டும். காவலாளிக்கு இது நல்ல வேடிக்கை. வீட்டில் யாருக்காவது அம்மை போட்டிருக்கிறதா என்று விசாரித்தார். இல்லை, கும்பிடுபூச்சி மாசமாக இருக்கிறது என்று இவர் பதில் சொன்னார்.

ஆனால் அந்தச் சட்டையை அலசும்போதெல்லாம் அவருக்குப் பழைய ஞாபகம் வரும். வேலையில் சேர்ந்த புதிதில் மருந்து நெடி தாங்காமல் சாயங்காலமானால் வாந்தி எடுப்பார். அக்கா ரோஜா வெட்டிவிட்டு வந்து, அந்தச் சட்டையைத் தனி வாளியில் ஊறவைத்து, வெறுங்கையால் கசக்குவாள். முள் கிழித்த கைக்குள் மருந்து இறங்கி, தோல் உரிந்து, மணிக்கட்டுவரை சிவந்துபோய்க் கிடக்கும். ரோஜா முள் என்பாள். இவரும் நம்பினார், அல்லது நம்புவது வசதியாக இருந்தது. இப்போது தானே கையுறை போட்டுக்கொண்டு அலசும்போது, இதற்கு அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவே இல்லையே என்று மனசு கிடந்து அடித்துக்கொள்ளும். கூடப் பிறந்தவளிடம் போய் நன்றி என்று எப்படிச் சொல்வது? சொன்னால் முதுகில் ஒன்று வைப்பாள்.

ஒருநாள் காலையில் முட்டை பொரிந்தே விட்டது. முதலில் பார்த்தது மனைவிதான், வீட்டில் முதலில் எழுந்திருப்பவள் அவள். அவள் கூப்பிட்டுப் போய்ப் பார்த்தால், அந்தப் பழுப்புக் கட்டியின் நடுவிலிருந்து வெளிர்மஞ்சளாகப் புழு மாதிரி ஏதோ கொத்துக்கொத்தாகப் பிதுங்கி, மெல்லிய நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. தொங்கியபடியே ஒவ்வொன்றும் மேல்தோலைக் கழற்றிப் போட்டது. பிறகு பார்த்தால் காலும் கையும் முக்கோணத் தலையும் பெரிய கண்ணுமாக, கொசு அளவுக்குக் கும்பிடுபூச்சிகள். நூறு இருக்கும், கூடவும் இருக்கும். பிறந்த கையோடு முன்னங்கால் இரண்டையும் மடக்கிக்கொண்டு அத்தனையும் கும்பிட்டபடி நின்றன.

மருந்துக்காரர் தம் தொழிலில் எத்தனையோ முட்டைகளை நசுக்கியிருக்கிறார். ஒன்று பொரிவதை நின்று பார்த்தது அன்றைக்குத்தான். அவருக்கு என்னவோ கண் கலங்கியது. அது பூச்சிக்காகவா, அக்கா கிளம்பிவிடுவாளே என்பதற்காகவா என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது.

“என்னக்கா, இவ்வளவு பொடிசா இருக்கு. இதைப் போய் வெளியில விட்டா எறும்பு தூக்கிட்டுப் போயிடாதா?” என்று ஆரம்பித்தார். அக்கா யோசித்தாள். பண்ணையில் கூரை உண்டு, இங்கே திறந்த வெளி. சரி, ஒரு தடவை தோல் உரிக்கட்டும், கொஞ்சம் தேறிவிடும், அதுவரை இருக்கிறேன் என்றாள். மகன் முன்பு மீன் வளர்த்த கண்ணாடித் தொட்டியைப் பரணிலிருந்து இறக்கிக் கழுவி, உள்ளே குச்சிகளை நட்டு, மேலே வலைத்துணி கட்டி, குஞ்சுகளை அதில் குடியேற்றினார்கள். தோல் உரிக்கும்போது அவை தலைகீழாகத் தொங்கவேண்டும், தொங்க உயரம் வேண்டும், கீழே விழுந்தால் செத்தது என்று அக்கா விளக்கினாள். குடிக்கத் தண்ணீரை இலைமேல் பனி மாதிரி தெளிக்க வேண்டும். தின்ன உயிருள்ள பூச்சி வேண்டும். கிடைக்காவிட்டால் ஒன்றை ஒன்று தின்றுவிடும்.

இங்கேதான் மருந்துக்காரரின் தொழில் கைகொடுத்தது. பழச்சாறு கடை ஒன்றில் அவருக்கு மாதாமாதம் வேலை உண்டு. அங்கே குட்டிக் குட்டிப் பழ ஈக்கள் மொய்க்கும். மருந்து அடிப்பதற்கு முன்னால் ஒரு புட்டிக்குள் கனிந்த வாழைப்பழத்தைப் போட்டு, வாயில் காகிதக் கூம்பு சொருகி, ஓர் ஓரமாக வைத்தார். ஈக்கள் உள்ளே போயின, திரும்பி வர வழி தெரியவில்லை. கடைக்காரர் இதைப் பார்த்துவிட்டு, கொல்லச் சொல்லிக் கூப்பிட்டால் உயிரோடு பிடித்துக்கொண்டு போகிறீர்களே, வீட்டில் என்ன விசேஷம் என்று கேட்டார். வீட்டில் நூறு பேருக்குச் சாப்பாடு போடவேண்டியிருக்கிறது என்றார் இவர். பொய் இல்லையே. அந்த ஈக்களை வைத்தே அக்கா வீட்டில் பெருக்கிக்கொண்டாள். ஈ வளர்க்கிற புட்டிகள் ஜன்னலோரம் வரிசையாக ஏறின. மனைவி கடந்து போகும்போது மூக்கை மட்டும் சுளித்தாள். அக்கா அந்தச் சுளிப்பைக் கவனித்தாள். கவனிக்க மாட்டாளா பின்னே.

மருந்துக்காரரின் விடுமுறை நாள் ஒன்றில்தான் அந்த வினை வந்தது. மனைவி கண்ணாடிக் கடைக்குப் போயிருந்தாள். அக்கா வாழைப்பழம் வாங்கப் போயிருந்தாள். குளித்துச் சுத்தமாக இருந்த மருந்துக்காரர் குஞ்சுகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்போது மேஜைக் கால் வழியாகச் சிற்றெறும்புச் சாரை ஒன்று ஏறுவதைக் கண்டார். அவை தொட்டியைத்தான் குறிவைத்து வந்தன. அக்கா வருவதற்குள் எதுவும் ஆகிவிடக் கூடாது. எறும்பைக் கண்டால் அந்தக் கை என்ன செய்து பழகியதோ அதையே செய்தது. கீழே ஓடினார், அங்கே வைத்திருந்த மருந்துப் பையிலிருந்து எறும்புப் பொடியை எடுத்துவந்தார், மேஜையைச் சுற்றியும் தொட்டியைச் சுற்றியும் வெள்ளையாகக் கோடு போட்டார். எறும்புகள் சுருண்டன. நெற்றியைத் துடைத்துக்கொண்டு, புழுக்கம் தாளாமல் மின்விசிறியைப் போட்டார்.

பொடி போட்ட இடத்தில் காற்றாடி போடாதீர்கள் என்று ஒவ்வொரு வீட்டிலும் நூறு தடவை சொல்லுகிற வாய் அது. தன் வீட்டில் அது அவர் புத்தியில் உறைக்கவே இல்லை, ஏனென்றால் அங்கே அவர் வேலைக்குப் போன ஆள் இல்லை, வீட்டுக்காரர்.

அக்கா திரும்பி வந்தபோது குஞ்சுகள் குச்சியிலிருந்து ஒவ்வொன்றாக உதிர்ந்துகொண்டிருந்தன. மல்லாந்து கிடந்து காலை உதைத்தன. அந்த உதைப்பு எதனால் என்று மருந்துக்காரருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தண்ணீர் தெளித்தார்கள், வேறு ஜாடிக்கு மாற்றினார்கள். ஒன்றும் பலிக்கவில்லை. மதியத்துக்குள் தொட்டி அடங்கிப்போனது. அவர் பேயறைந்தவர் மாதிரி தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அக்கா திட்டியிருந்தால் தேவலை. வெள்ளைக்கோட்டைப் பார்த்தாள், மின்விசிறியைப் பார்த்தாள், போய் அதை நிறுத்தினாள்.

“எறும்புக்குப் பயந்துதானேடா போட்டே,” என்றாள். “விடு. எனக்கும் கிளம்ப ஒரு சாக்கு வேண்டியிருந்தது.”

அதைச் சொல்லிவிட்டு எழுந்துபோய்க் கொடியிலிருந்த துணியை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள். மருந்துக்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அக்காவை வைத்திருக்கத் தன்னிடம் இருந்த ஒரே காரணத்தைத் தன் கையாலேயே கொன்றுவிட்டோம் என்பது மட்டும் மண்டைக்குள் சுற்றிச் சுற்றி வந்தது.

அந்த நேரத்தில் மனைவி கடையிலிருந்து வந்தாள். தொட்டியைப் பார்த்தாள். புருஷன் உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்தாள். அக்காவின் கையில் இருந்த பையையும் பார்த்தாள். “அண்ணி, ஒரு நிமிஷம் சமையக்கட்டுக்கு வாங்களேன்,” என்றாள்.

சமையலறை ஜன்னலில் அவளுடைய புதினாத் தொட்டி இருந்தது. அவள் இலைகளை மெல்ல விலக்கிக் காட்டினாள். தண்டோடு தண்டாக, பச்சையாக, முன்னங்காலை மடக்கிக்கொண்டு ஒரு கும்பிடுபூச்சிக் குஞ்சு. அதற்குக் கீழே இன்னொன்று. அந்தப் பக்கம் இரண்டு. நாலும் நன்றாகத் தின்று ஏற்கெனவே ஒரு தோலை உரித்திருந்தன.

முட்டை பொரிந்த அன்று, அவள் மற்றவர்களை எழுப்புவதற்கு முன்பே நாலைந்து குஞ்சுகள் சல்லடைத்துணிக்கு வெளியே வந்து சுவரில் ஊர்ந்துகொண்டிருந்தனவாம். லென்ஸ் துடைக்கிற தூரிகையால் அவற்றை ஏந்திக் கொண்டுபோய்ப் புதினாவில் விட்டாளாம். அதிலிருந்து தினமும் காலையில் பார்த்துத் தண்ணீர் தெளிப்பாளாம். ஈப் புட்டியிலிருந்து கொஞ்சம் திருடிப் போடுவாளாம்.

“ஏம்மா, சொல்லலியே?” என்று அக்கா கேட்டாள்.

மனைவிக்கு முகம் சிவந்துவிட்டது. “சொன்னா வாங்கிக் கண்ணாடித் தொட்டிக்குள்ள விட்டுடுவீங்க. எனக்குன்னு நாலு இருக்கட்டுமேன்னு பாத்தேன்.”

அக்கா அவளை முதல்முறையாகப் பார்ப்பவள் போல் பார்த்தாள். அப்புறம் கையிலிருந்த பையைக் கீழே வைத்தாள். மருந்துக்காரர் வாசலில் நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். இந்த மனுஷியோடு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியும் அவளுக்குள் இப்படி ஓர் ஆள் இருப்பது தெரியவில்லையே என்று வெட்கமாக இருந்தது. அதைவிடப் பெரிதாக நிம்மதியாக இருந்தது. அவள் காலில் விழலாமா என்றுகூடத் தோன்றியது, புதினாத் தொட்டி ஆடிவிடும் என்று விட்டுவிட்டார்.

அன்றிலிருந்து வீட்டின் நடைமுறையே மாறிப்போனது. இறக்கை முளைக்கிறவரை இருந்து பார்த்துவிட்டுப் போகிறேன் என்று அக்கா தவணையை நீட்டினாள். இனி ஒன்றை ஒன்று தின்னாமல் இருக்கத் தனித்தனி அறை வேண்டும் என்றாள். மனைவி தன் கடைக்கு மூக்குக்கண்ணாடி வைத்து வருகிற ஒளிபுகும் பெட்டிகளைக் கொண்டுவந்து, நிமிர்த்தி வைத்து, மேலே வலை ஒட்டினாள். சாயங்காலமானால் அண்ணியும் அவளும் ஒரு பூதக்கண்ணாடியை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு, இன்று யார் சாப்பிட்டார்கள், யார் சாப்பிடவில்லை என்று பேசிக்கொண்டிருப்பார்கள். சாப்பிடாமல் தொங்கினால் தோல் உரிக்கப்போகிறது என்று அர்த்தம். அப்போது பெட்டியைத் தொடக்கூடாது, மேஜையில் இடிக்கக்கூடாது, மருந்துக்காரர் தும்மக்கூடாது.

ஒன்றுக்கு உரிக்கும்போது கால் மாட்டிக்கொண்டு ஒடிந்துபோனது. மனைவி அன்று சரியாகச் சாப்பிடவில்லை. அடுத்தடுத்த உரிப்பில் அந்த இடத்திலேயே குட்டியாகப் புதுக்கால் முளைத்தபோது, கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அவள் அதைச் சொன்னதாகக் கேள்வி. பிறகு வந்த ஓர் உரிப்பில் இரண்டு பூச்சிகள் கீழே விழுந்து தவறிவிட்டன. மிஞ்சியது ஒரு பெண்ணும் ஓர் ஆணும். பெண் உருட்டுக்கட்டை மாதிரி வளர்ந்து, யார் பக்கத்தில் போனாலும் தலையைத் திருப்பி ஏற இறங்கப் பார்க்கும். அதற்கு முதலாளியம்மா என்று பேர் வைத்தார்கள். ஆண் ஒல்லியாக, எப்போதும் எதற்கோ பயந்த மாதிரி நிற்கும். அது மாப்பிள்ளை.

இறக்கையும் முளைத்தது. கடைசித் தோலை உரித்துவிட்டு, ஈரத்துணியை உதறி விரித்த மாதிரி முதலாளியம்மா இறக்கையைக் காயவைத்த அன்று மருந்துக்காரர் வேலைக்குப் போகவில்லை. இனி என்ன சாக்கு சொல்வது என்று யோசித்துக்கொண்டு நின்றார். அவர் வாயைத் திறப்பதற்குள் மனைவி முந்திக்கொண்டாள். வளர்த்த பெண்ணுக்குக் கல்யாணம் பண்ணிவைக்காமல் போனால் நாலு பேர் என்ன பேசுவார்கள் அண்ணி என்று கேட்டாள். அவள் அந்த வீட்டில் வேடிக்கையாகப் பேசி மற்ற இருவரும் கேட்டது அதுதான் முதல் தடவை. அக்கா வாய்விட்டுச் சிரித்தாள்.

கல்யாணமும் நடந்தது. முன்னேற்பாடாக மணப்பெண்ணுக்கு வயிறுமுட்டச் சாப்பாடு போட்டார்கள், இல்லாவிட்டால் மாப்பிள்ளையையே சாப்பிட்டுவிடுவாள். மாப்பிள்ளை பின்பக்கமாக, ஒவ்வொரு அடியாக, மூச்சைப் பிடித்துக்கொண்டு போனதை மருந்துக்காரர் நகத்தைக் கடித்தபடி பார்த்தார். உயிரோடு திரும்பியதும் தம்மையறியாமல் கைதட்டிவிட்டார். இவ்வளவு அனுதாபம் எங்கிருந்து வந்தது என்று மனைவி கேட்டாள்.

முதலாளியம்மாவின் வயிறு உப்பிக்கொண்டே போனது. அந்த வாரத்தில்தான் விடுதியிலிருந்து தகவல் வந்தது. கட்டிலை இதற்கு மேல் பிடித்துவைக்க முடியாது, வருவதானால் உடனே வா, இல்லாவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும் என்று தோழி சொல்லி அனுப்பியிருந்தாள். மகனுக்கும் விடுமுறை ஆரம்பிக்கப்போகிறது. அவன் அறையை அவனுக்கு விட வேண்டாமா என்றாள் அக்கா. பூச்சிக்கு இனி தன்னால் ஆகவேண்டியது ஒன்றுமில்லை, ஒரு செடியில் விட்டால் அதுவே முட்டை வைத்துக்கொள்ளும் என்றாள். மறுநாள் மதியப் பஸ் என்று முடிவாயிற்று. துணிப்பையை இழுத்து மூடி, கூடத்தில் நாற்காலிமேல் வைத்தாள்.

போகாதே என்று சொன்னால் அழுதுவிடுவோம் என்று தம்பிக்குப் பயம். காலையில் ஒரு கிடங்கில் தவிர்க்க முடியாத வேலை இருந்தது, மதியத்துக்குள் வந்து பஸ் ஏற்றிவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். மனைவியும் அன்று விடுப்பு எடுத்திருந்தாள். கிடங்கில் கரையானுக்கு மருந்து அடிக்கும்போதெல்லாம் அக்காவின் சிவந்த மணிக்கட்டுதான் கண்ணுக்குள் நின்றது. அவளுக்கு ஒரு கட்டில் போட முடியாத தம்பி இருந்தென்ன, இல்லாவிட்டாலென்ன என்று தம்மைத் தாமே திட்டிக்கொண்டு வேலையை அவசரமாக முடித்தார். நேரமாகிவிட்டது. கீழே குளிக்கக்கூட மறந்து, மருந்துச் சட்டையோடு படியேறி ஓடிவந்தார். வாசப்படி வந்ததும் பழகிய கால் தானாக நின்றது.

கூடத்தில் பஸ்ஸுக்குக் கிளம்புகிற பரபரப்பு எதுவும் இல்லை. அக்காவும் மனைவியும் தரையில் அருகருகே உட்கார்ந்து நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாற்காலிமேல் துணிப்பை. பையின் கைப்பிடியில் முதலாளியம்மா தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தாள். வால்நுனி இப்படியும் அப்படியும் அசைய, வெள்ளை நுரை வரிவரியாக வந்து கைப்பிடியோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

“மூணு நாளா இடம் தேடிட்டிருந்தாடா,” என்றாள் அக்கா, திரும்பாமலே. “பெட்டியில வெச்சிருந்த குச்சி எதுவும் பிடிக்கல. காலையில உன் பொண்டாட்டி எடுத்து என் பை மேல விட்டுட்டா.”

“பாவமா இருந்துச்சு, காத்தாட விட்டேன்,” என்றாள் மனைவி, கூரையைப் பார்த்துக்கொண்டு.

முட்டை வைக்கும்போது அசைத்தால் பாதியில் விட்டுவிடும் என்று அக்காவே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். அதனால் யாரும் பையைத் தொடவில்லை. பஸ் போயிருக்கும். நுரை பழுப்பாக இறுகத் தொடங்கியபோது முதலாளியம்மா மெதுவாக இறங்கி நாற்காலி முதுகில் ஏறி நின்றுகொண்டாள். யாருக்கும் எழுந்திருக்கத் தோன்றவில்லை.

“கைப்பிடியை வெட்டிக் கூட்டை மட்டும் எடுத்துடலாம்,” என்றாள் அக்கா. “பண்ணையில குச்சியோட வெட்டுவோம். அது மாதிரிதான்.”

“தெரியும் அண்ணி. கத்திரிக்கோலும் அங்கதான் இருக்கு,” என்றாள் மனைவி. “நீங்க வந்த அன்னைக்கு நான் சரின்னு சொன்னேன்ல. இருங்கன்னு சொல்லத்தான் நெனச்சேன். நீங்க போறேன்னு முடிவோட நின்னீங்க. எனக்குச் சட்டுன்னு பேச வராது. பேச வர்றதுக்குள்ள இவ்வளவு நாள் ஓடிடுச்சு. பையன்கிட்டக் கேட்டுட்டேன். அத்தை இருக்கட்டும், நான் கூடத்துல படுத்துக்கறேன்னு சொல்லிட்டான். நீங்க வந்த அப்புறம்தான் அண்ணி நான் கடையிலேர்ந்து வீட்டுக்கு ஓடி வரேன். எங்களுக்காக இருங்க.”

அக்கா எழுந்து போய்க் கத்திரிக்கோலை எடுத்தாள். அவள் அதைக் கொண்டுபோய் மேஜை இழுப்பறைக்குள் போட்டு மூடினாள். பிறகு நாற்காலிக்கு முன்னால் மண்டியிட்டு, கைப்பிடி துளியும் அசையாமல் பையின் ஜிப்பை இழுத்தாள். உள்ளேயிருந்து துணிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தம்பி மனைவியின் கையில் வைத்தாள். அவள் அவற்றை வாங்கிக் கொண்டுபோய் அலமாரியில் அடுக்கினாள். கண்ணைத் துடைக்க இரண்டு பேருக்கும் கை ஒழியவில்லை.

மருந்துக்காரர் வாசப்படிக்கு அந்தப் பக்கமே நின்றிருந்தார். உள்ளே ஓடி அக்காவைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. சட்டையில் கரையான் மருந்து நாறியது. இத்தனை வருடமாகத் தொண்டைக்குள் கிடந்த வார்த்தை அங்கேயே, அந்தப் படியிலேயே வெளியே வந்துவிட்டது.

“ரொம்ப நன்றிக்கா,” என்றார். மனைவியையும் பார்த்து, “உனக்கும்தான்,” என்றார்.

இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“நன்றியாம் நன்றி,” என்றாள் அக்கா, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. “முட்டை வெச்ச வீட்டு வாசல்ல மருந்துச் சட்டையோட வந்து நின்னுக்கிட்டு. கீழ போய்க் குளிச்சுட்டு வாடா. நான் எங்க போயிடப் போறேன்.”

அவர் இரண்டு இரண்டு படியாகத் தாவிக் கீழே இறங்கினார்.